ராணிப்பேட்டைக்கு மாற்றல்

மானுட வரலாற்றிலேயே முதன்முறையாக, இல்லத்தரசிகள் அனைவரும் நிறுவன ஊழியர்களாக உயர்த்தப்பட்டுள்ளார்கள் என்ற மகத்தான அறிவிப்பைக் கேட்டு அம்பத்தூரே கைதட்டியது. மங்கையர்க்கரசியும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கைதட்டினாள். லீவு உண்டு என்றார்களே!

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் லீவாகப் பத்து நாள் எடுத்து, தங்கை வீட்டில் காலை நீட்டிப் படுத்தாள். மாற்று ஆளாகச் சுகந்தி என்பவளை நிறுவனம் அனுப்பிவைத்தது.

திரும்பி வந்தபோது, கைரேகைப் பூட்டில் விரல் வைத்தும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மணியை அடித்ததும் கணவன் பரந்தாமன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து திறந்தான்.

"உனக்கு ராணிப்பேட்டைக்கு மாற்றல் வந்திருக்கு, மங்கை. இங்க சுகந்தியை நிரந்தரம் பண்ணிட்டாங்க."

"என்ன உளர்றீங்க? எதுக்கு?"

"வெள்ளிக்கிழமையானா கம்பெனியில உங்க வேலைக்கு ஸ்டார் போடச் சொல்வாங்கல்ல? வெளியாளு, பாவம், வேலை போயிடப் போகுதேன்னு அவளுக்கு அஞ்சு போட்டேன்."

"எனக்கு?"

"நம்ம வீட்டு ஆளுக்கு என்ன உபசாரம்னு எப்பவும் மூணுதான் போடுவேன்."

"மூணா!"

"நான் என்னத்தைக் கண்டேன், கம்பெனிக்காரன் அதைப் போய்ப் படிப்பான்னு?"

உள்ளேயிருந்து மகள் வெண்ணிலா, "அம்மா, என் டவல் எங்க?" என்று கத்தினாள். மங்கை வாயைத் திறப்பதற்குள், "கொடியில இருக்கும்மா" என்று பதில் சொன்னாள் சுகந்தி.

மங்கையின் கைபேசி அதிர்ந்தது. ராணிப்பேட்டை வீட்டில் மூன்று பிள்ளைகள். ராத்திரிக்குச் சப்பாத்தி வேண்டுமாம்.