சிக்னல் இல்லாத தீவு

சுற்றுலாக் கண்காட்சிக்கு மகன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். "வாங்கப்பா, உங்கள எவனும் ஏமாத்த முடியாது" என்றான். உண்மைதான். சிரித்துப் பேசுகிறவனை நான் நம்பியதே கிடையாது.

கடை கடையாக ஏறி இறங்கினோம். போன் வராத இடம்தான் வேண்டும் என்று மகனும் மருமகளும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஆபீஸ் தொல்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

டை கட்டிய ஆலோசகர் ஒரு தீவின் படத்தைக் காட்டினார். "பத்து நாளும் சிக்னலே கெடைக்காது சார்."

"படத்துல காக்காகூட வெள்ளையாத்தான் இருக்கும். மலை மேல ஏறினா?" என்று மடக்கினேன்.

"அங்கயும் கெடைக்காது பெரியவரே."

"அவசரம்னு யாராவது ஆள் அனுப்பினா?"

"படகே பத்து நாளைக்கு ஒரு தடவைதான்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டுக் கொடுத்தார். மருமகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"எந்தத் தேதி கெளம்புறீங்க?"

"பன்னெண்டாம் தேதி" என்றான் மகன்.

எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய டாக்டர் குறித்திருக்கும் நாள் அது. பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று எங்கள் மூவரையும் உட்கார வைத்துத்தான் சொல்லியிருந்தார்.

"டேய், அன்னிக்குத்தானேடா எனக்கு..."

"தெரியும்ப்பா" என்றான், முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டே.

மருமகள் என் காதருகே குனிந்தாள். "மாமா, ஆஸ்பத்திரியில எங்க நம்பரத்தான குடுத்திருக்கீங்க? மாத்தி வேற யார் நம்பராவது குடுத்துடுங்க."