வெளியூர்க்காரன்

"வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் இங்க எதுக்குங்க ஓட்டு? மொதல்ல இந்தப் பேரை எடுங்க டீச்சர்."

மகுடேஸ்வரன் படிவத்தை மேசை மேல் தட்டி வைத்தான். அருள்புரம் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் திருத்த முகாம். ஞாயிற்றுக்கிழமையும் போச்சே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்த சித்ராதேவி டீச்சர் படிவத்தைப் பார்த்தார். நீக்க வேண்டிய பெயர்: பெரியகருப்பன்.

அந்தப் பெரியகருப்பன் அதே வரிசையில்தான் நின்றிருந்தார். மகுடேஸ்வரனின் அப்பா ஈஸ்வரமூர்த்தி நடத்தும் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது வந்த மகளைக் கூட்டிக்கொண்டு அவள் பெயரைச் சேர்க்க வந்த இடத்தில் தன் பெயருக்கே வேட்டு வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் பதறிப்போய் முன்னால் வந்தார்.

"சின்ன முதலாளி, எங்க ஊர்ல பேர எடுத்துட்டுத்தான் இங்க சேத்தேன். இங்கயும் எடுத்துட்டா எனக்கு எங்கயுமே ஓட்டு இல்லாமப் போயிருமே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? பொழைக்க வந்தா பொழைப்பைப் பார்க்கோணும். எங்க ஊர் பஞ்சாயத்துக்கு யார் தலைவர்னு நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

விஷயம் இதுதான். வரப்போகும் பஞ்சாயத்துத் தேர்தலில் மகுடேஸ்வரனின் சித்தப்பா நிற்கிறார். பெரியகருப்பனைப் போலப் பிழைக்க வந்த தெற்கத்திக்காரர்கள் ஓட்டு அவருக்கு விழாது என்று யாரோ ஓதிவிட்டார்கள். விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த மகுடேஸ்வரன், அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டான்.

ஈஸ்வரமூர்த்தி சன்னல் ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இத்தனை வருஷம் உழைத்த மனிதரை, அதுவும் பெற்ற மகள் முன்னாலேயே, தன் மகன் இப்படிப் பேசுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"போலாம் கண்ணு. வுட்டுரு" என்றார் மெதுவாக.

"நீங்க சும்மா இருங்கப்பா."

பெரியகருப்பன் விடவில்லை. "பெரிய முதலாளிக்கு எல்லாம் தெரியும் டீச்சர். அவுக வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துலயும் நான் இருந்திருக்கேன். கனடாவுல சின்ன முதலாளிக்கு என்னமோ நல்ல சேதின்னு கம்பெனி முழுக்க லட்டு குடுத்தாகளே, அந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஒவ்வொரு மிஷினாப் போயிக் குடுத்தது நாந்தான்."

லட்டு என்றதும் ஈஸ்வரமூர்த்தியின் தலை இன்னும் தாழ்ந்தது.

"லட்டுப் பெட்டி தூக்குனா ஓட்டுரிமை வந்துருமா?" என்றான் மகுடேஸ்வரன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியகருப்பனின் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "வாங்கப்பா, போவோம்" என்று இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆட்சேபணை பண்றவங்க பேரும் இதே பட்டியல்ல இருக்கணுமுங்க" என்றார் டீச்சர்.

"இருக்குதுங்க. வரிசை எண்ணோட எழுதியிருக்கறேன், பாருங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலிருந்து இதே ஊருதான்."

டீச்சர் சரிபார்த்தார். பெயர் இருந்தது. மகுடேஸ்வரனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது.

"கனடாவுல எல்லாம் இந்தக் கூத்தே இல்லீங்க. சத்தமில்லாம வருவாங்க, பென்சில்ல ஒரு குறி போடுவாங்க, போய்க்கிட்டே இருப்பாங்க. விரல்ல மைகூட வெக்க மாட்டாங்க. போன எலக்சன்ல நானே அப்படித்தான் போட்டுட்டு வந்தேன்."

"அங்க பொழைக்கப் போனவங்க எல்லாருமே போடலாமுங்களா?"

"அதெப்படிங்க? என்ற சிநேகிதன் பத்து வருசமா அங்க இருக்கறான். ஊடு வாங்கிட்டான், வரி கட்டறான். ஆனா ஓட்டுக் கிடையாது. அந்த நாட்டுக் குடிமகனுக்கு மட்டுந்தான். சட்டம்னா அப்படி இருக்கோணுமுங்க!"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஈஸ்வரமூர்த்தி மேசைக்கு வந்துவிட்டார்.

"இன்னொரு பாரம் குடுங்க அம்மிணி. பேரை எடுக்கச் சொல்லி நானும் ஒண்ணு எழுதித் தாரேன்."

பெரியகருப்பனுக்கு முகமே செத்துப்போயிற்று. "முதலாளி... நீங்களுமா?"

ஈஸ்வரமூர்த்தி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. படிவத்தை டீச்சர் பக்கமே தள்ளினார்.

"நீங்களே எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன். பேரு, மகுடேஸ்வரன். அப்பா பேரு, ஈஸ்வரமூர்த்தி."

"அப்பா! என்ன பேசறீங்க?"

"அன்னிக்குக் கம்பெனி முழுக்க லட்டுக் குடுத்தது, இவன் இந்த நாட்டுக் குடியுரிமையை வுட்டுட்டு அந்த நாட்டுக் குடிமகன் ஆனதுக்குத்தானுங்க அம்மிணி."