கிளவுடில் ஏறிய கணக்கு

இருபது வருட வியாபாரத்தின் விலை, மாதம் ஒன்பது லட்சம் சோம். அதைக் கொடுத்துத்தான் சமர்கண்ட் உலர்பழ வியாபாரி எர்காஷ் தன் கணக்கு முழுவதையும் ஒரு கம்பெனியின் கிளவுடில் ஏற்றியிருந்தார். சும்மா இல்லை. "ஒரு மணி நேரம் நின்னாலும் லட்சம் சோம் அபராதம்" என்று கம்பெனியைப் பிழிந்து எழுதி வாங்கியிருந்தார்.

நவ்ரூஸ் பண்டிகைக்கு முந்தைய நாள் காலை, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது திரை இருண்டது. யாருக்கு என்ன விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி, எதுவும் தெரியவில்லை. கம்பெனிக்காரன் ஜஹோங்கிரைப் போனில் பிடித்தார்.

"என்னடா தம்பி, என் பொழைப்பையே அணைச்சிட்டே!"

"நாங்க இல்லண்ணே. மெஷின் வெச்சிருக்கற இடத்துக்காரர் கரண்டைப் பிடுங்கிட்டாரு. வாடகைய ஏத்தணுமாம்."

"பண்டிகை நேரத்துலயா? எந்தக் கழுதை அவன்? எனக்கு அபராதம் வந்தாகணும்!"

"தந்துடறோம்ணே. அதே தொகையை அவர்கிட்ட வசூல் பண்ணிக்குவோம். பத்திரத்துல இருக்கு."

"விடாம வசூல் பண்ணு! விலாசத்தைச் சொல்லு, நானே போய் உதைக்கிறேன்!"

"புரோக்கர் பிடிச்சுக் கொடுத்த இடம்ணே. பழைய பஜார் பின்தெரு, பச்சைக் கதவு வீடு, நிலவறை."

எர்காஷ் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். காலையில் தன் வீட்டு நிலவறையில் கழற்றிய ஃபியூஸ் அதிலேயே இருந்தது. வாடகை ஒழுங்காக வந்ததால், உள்ளே ஓடுவது யாருடைய மெஷின் என்று அவர் கேட்டதே இல்லை.

ஓடிப்போய் ஃபியூஸை மாட்டும்போது திரை இருண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மாலையில் கணக்குப் பார்த்தார். கம்பெனி தரும் அபராதம், வரவு மூன்று லட்சம். கம்பெனிக்குத் தரும் அபராதம், செலவு மூன்று லட்சம். மிச்சம், ஒரு கழுதை.