ஒரு பைட் அதிகம்

ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் புகைப்படம் ஏற்றும், ஜாவா நிரல்மொழியில் எழுதிய அரசு இணையதளம் அது. கடைசி நாளான இன்று மாலை ஐந்துக்குள் ஏற்றாதவர் பெயர் இறந்தவர் பட்டியலுக்குப் போய்விடும். படம் பத்து மெகாபைட்டைத் தாண்டினால், "மன்னிக்கவும், தங்கள் கோப்பு சற்றே பெரியது" என்று வரும். அந்தச் 'சற்றே'வுக்காகத் துறை இயக்குநர் மூன்று மணி நேரம் கூட்டம் போட்டவர்.

அதை எழுதிய புரோகிராமருக்கு நாலரைக்கு அப்பா போன் செய்தார்.

"நான் ரொம்பப் பெரிய ஆளாம். உன் வெப்சைட் உள்ள விட மாட்டேங்குதுடா."

பார்த்தான். வரம்பைவிட ஒரே ஒரு பைட் அதிகம். வரம்பை இருபதாக்கினான். அப்பா திரும்ப அனுப்பினார்; காலையில் எடுத்த அதே படம், இருபதுக்கு மேல் ஒரு பைட். ஐம்பதாக்கினான். ஐம்பதுக்கு மேல் ஒரு பைட்.

"சார், இன்னைக்கு சைட்டைக் கொஞ்ச நேரம் தள்ளி மூடலாமா?" என்று இயக்குநரிடம் கேட்டான்.

"அதான் மரியாதையாச் சொல்றோமே, போதாதா?" என்றார் இயக்குநர்.

ஐந்துக்கு ஒரு நிமிடம்.

"திரும்ப அனுப்பட்டுமாடா?"

"அனுப்புங்கப்பா."

ஏறிவிட்டது. ஒரு பைட்கூட அதிகமில்லை. ஆசையாகப் படத்தைத் திறந்தான். வீட்டுச் சுவர், ஜன்னல் திரை, காலி நாற்காலி, அதன்மேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி.

"அப்பா?" என்றான்.

போனில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.