பெட்டகமா, ஊக்கா?

"ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாதுடி!"

சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் காஜாக்காவின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தன. அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு, தரையில் விரித்த வெள்ளைத் துணியைச் சுற்றிப் பெயிண்ட் டப்பாவோடு நாலு பேரும் குந்தியிருந்தார்கள்.

அவர்கள் தைக்கும் கம்பெனியில் பின்கதவுக்கு எப்போதும் பூட்டுதான். போன மாதம் அயர்ன் பகுதியில் புகை கிளம்பியபோது அத்தனை பேரும் ஒரே வாசலில் முட்டி மோதி, செக்கிங்காரிக்குக் கை முறிந்தது. அடுத்த வாரமே வந்த வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் புரியட்டும் என்று, 'வீ வான்ட் சேஃப்' எனத் துணியில் எழுதி கேட்டில் பிடித்தார்கள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தான். "இரும்புப் பெட்டியா வேணும்? எதை வெச்சுப் பூட்டப் போறீங்க, கிழிஞ்ச ரவிக்கையையா?" வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்று மறுபடி வருகிறார்கள்.

"அப்ப சேஃப்டின்னு போடுவோம்" என்றாள் ஒருத்தி.

"சேஃப்டி பின்னுன்னா ஊக்குடி! இவளுங்க ஊக்கு கேக்கறாளுங்கன்னு சிரிக்கவா?"

"சேஃப்னெஸ்?" கட்டுப் போட்ட கையோடு செக்கிங்காரி இழுத்தாள்.

"இருங்கடி." காஜாக்கா போனை எடுத்தாள். "எம் பொண்ணுக்குப் பாடம் எடுத்த டீச்சர். கல்யாணத்துக்கப்புறம் வேலைய விட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல புலி!"

விஷயத்தைச் சொன்னதும், ஸ்பீக்கரில் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு அடியில் ஒரு தணிந்த குரல் வந்தது.

"சேஃப்னா பாதுகாப்பான. பாதுகாப்புக்கு சேஃப்டிதான் சரி. குத்தாம காப்பாத்தறதாலதான் ஊக்குக்கே அந்தப் பேரு. எழுதுங்க... எஸ், ஏ, எஃப், ஈ, டி, ஒய்."

ஒவ்வொரு எழுத்தாகச் சிவப்பில் எழுந்து நின்றது.

"டீச்சர், கேட்லயே எங்கள வெரட்டிட்டா?"

"கேட்டுக்கே போகாதீங்க. இந்தத் தடவ கட்டிங் ஹால் வழியாத்தான் கூட்டிட்டு வராங்க. அங்க வெச்சு விரிச்சுப் பிடிங்க. எவன் சிரிக்கறான்னு பாத்துடலாம்!"

செக்கிங்காரி நிமிர்ந்தாள். "அதெப்படி டீச்சர் உங்களுக்கு..."

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"வெச்சுடறேன். உங்க முதலாளி குளிச்சு முடிச்சுட்டாரு."