பகையாளிக்குக் கறிக்குழம்பு

ராமாமணி வாசலில் வந்து நின்றதும் சலோமி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளைப் பற்றித்தான் சற்றுமுன், பாய் விரித்து உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்கள் முன்னால் சாட்சி சொல்லி முடித்திருந்தாள்.

சிங்காநல்லூர் மில் லைன் வீடுகளில் புதன்கிழமை வேதபாடம்; இந்த வாரம் சலோமி வீட்டில். போன வாரமே பாஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "படிச்சு மூடி வெச்சாப் போதுமா? பகையாளிக்கும் பசியாத்தணும்னு பாத்தோம். ஆளுக்கொண்ணு செஞ்சுட்டு வந்து சொல்லணும்."

மூன்று வாரமாகச் சாட்சி நேரத்தில் வாய் திறக்காதவள் சலோமி ஒருத்திதான். இன்றைக்குக் கொட்டிவிட்டாள்.

"பக்கத்து ஊட்டு ராமாமணிங்க. குழாயடியில சண்டை போட்டு நாலு மாசமாப் பேச்சில்லை. மில்லுல ஆளைக் குறைச்சதுல அவ புருசனுக்கு வேலை போயிருச்சு. அரிசிக்கே அல்லாடறாங்க. நேத்துப் புதுசாக் கறி எடுத்துக் குழம்பு வெச்சு, எம்பட ஊட்டுக்காரர் கையில குடுத்து உட்டேன். வாங்கிட்டு அழுதுட்டாளாமா."

புதுசு என்றது பொய். அழுதாள் என்றதும் பொய். அது ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின குழம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் தூக்குப்போசியில் ஊற்றி, "போற வழியில குடுத்துட்டுப் போங்க" என்று மில் ஷிப்டுக்குக் கிளம்பிய புருஷன் மாசிலாமணியிடம் நீட்டினாள். அதோடு சரி. அப்புறம் என்ன ஆச்சென்று கேட்கக்கூட இல்லை.

"ஏனுங்க, உங்க காயிதம். தபால்காரர் எங்கூட்டுல போட்டுட்டுப் போயிட்டாருங்க." ராமாமணி படியிலேயே நின்று நீட்டினாள்.

பாஸ்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீதான் ராமாமணியா? இப்பத்தான் சலோமி சொன்னா. நேத்து குழம்பு குடுத்து உட்டாளாமே. நல்லா இருந்துச்சா கண்ணு?"

சலோமி பாயைப் பார்த்தாள். காதெல்லாம் எரிந்தது. போச்சு. ஊசின குழம்பு என்று சொல்லப்போகிறாள். சொல்லட்டும், எனக்கு வேணும்.

ராமாமணி பாஸ்டரம்மாவைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். கடைசியாகச் சலோமியைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சுங்க. காரந்தான் கொஞ்சம் சாஸ்தி. கொழந்தைக வழிச்சுத் தின்னுபோட்டுதுக."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டரம்மா.

"எங்களோடயும் ஒரு சண்டை போடு சலோமி, கறி வருதான்னு பாப்போம்" என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. சலோமிக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மாசிலாமணி தலையெல்லாம் பஞ்சோடு வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்ன புள்ளே, மூஞ்சி இப்படி இருக்குது?"

"அந்தக் குழம்பு ஞாயித்துக்கிழமை வெச்சதுங்க. கெட்டிருக்கும்னு தெரிஞ்சேதான் குடுத்து உட்டேன். அதைத் தின்னுட்டு, அத்தனை பேரு முன்னால என்னைய உட்டுக்குடுக்காமப் பேசிட்டுப் போறா அவ. கொழந்தைக வழிச்சுத் தின்னுச்சாமா. வயித்துக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

மாசிலாமணி சொம்பைக் கீழே வைத்தான்.

"தின்னுச்சுன்னு ராமாமணியே சொன்னாளா?"

"ஆமாங்கறேன்."

தலையிலிருந்த பஞ்சைத் துண்டால் தட்டினான்.

"அவ ஊட்டுக்கு முன்னால போய் மூடியைத் தொறந்து பாத்தேன். நுரை கட்டி நாறுது. பசிச்ச கொழந்தைகளுக்கு அதை எப்படிப் புள்ளே நீட்டறது? சாக்கடையில ஊத்திப்போட்டு, மில்லுக் குழாயில போசியைக் கழுவிக் கொண்டாந்து வெச்சேன். அவ ஊட்டுப் படியை நான் மிதிக்கவே இல்லை."