தேயாத பிரேக் ரப்பர்

பழைய வேன் வாங்கப் போனால் புவனேந்திரன் மீட்டரை நம்பமாட்டான். மீட்டரைத் திருப்பி வைத்துவிடலாம், பிரேக், கிளட்ச் மிதிகளின் தேய்ந்த ரப்பரைத் திருப்ப முடியாது என்பான். பதுளையில் இப்றாஹீம் நானா காட்டிய டீசல் வேனில் கிளட்ச் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் ரப்பரில் ஒரு வரிகூட அழியவில்லை.

“இது மட்டும் புதுசா போட்டதா, நானா?”

“இல்ல தம்பி, வண்டியோட வந்ததுதான். எஞ்சின ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

எஞ்சினில் குறை இல்லை. கரும்புகையும் வரவில்லை. இடப்பக்க முன்சீட்டில் இருப்பவர் பயந்தால் காலை ஊன்றும் இடத்தில், கார்ப்பெட் மட்டும் பாதம் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. வேனை வாங்கியதும் புதுக் கார்ப்பெட் போட்டான்.

ஐந்து மாதமாகத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹாலிஎல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறான். முன்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. நேற்று வேனைக் கழுவிய மனைவி நிஷாந்தினி, “பக்கத்துல யாரைங்க ஏத்துறீங்க? கார்ப்பெட் ஓட்டையாயிருச்சு” என்றாள். அவன் குனிந்து பிரேக் ரப்பரைப் பார்த்தான். அதில் ஒரு வரிகூட அழியவில்லை.

இன்று காலை, பிள்ளைகளை ஏற்றுமுன், வெறும் வேனை இறக்கத்தில் விட்டான். வளைவு வந்தபோது பிரேக்கை மிதிக்காமல் இருந்து பார்த்தான்.

பக்கத்துச் சீட் கிறீச்சிட்டது. வேன் வழக்கம்போல மெதுவானது.